சடலமும் சாட்சியும்: மீண்டு வந்த ‘சி.ஐ.டி.’

2025 ஜனவரி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று, திருவரங்குளத்தில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்காக ஜெபிக்கச் சென்ற நாம், புதுக்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தைத் தவறவிட்டு அவ்வீட்டிலேயே இரவு தங்க நேர்ந்தது. இரவு பத்து மணியளவில், பம்பாயில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய பேரன் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தான். ‘சி.ஐ.டி.’ என்னும் இந்தித் தொடர் தொடங்கிற்று. அவ்வீட்டில் இந்தி அறிந்தவன் அவன் ஒருவனே. எனினும் வீட்டார் அனைவரும் அமர்ந்துவிட்டனர். பேரன் இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்; பல இடங்களில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. பிணம் கிடக்கிறது, அதிகாரிகள் வருகிறார்கள், மருத்துவர் உதட்டைப் பிதுக்குகிறார், கதவு உடைகிறது, குற்றவாளியின் கன்னத்தில் அறை விழுகிறது. இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமோ?

முடிவில் பாட்டியம்மா பேரனிடம் கேட்டார்: “ஏம்ப்பா, இவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாட்டாங்களா?” பேரன் சிரித்துவிட்டான். நமக்கோ சிரிப்பு வரவில்லை. அன்றைய செய்தித்தாள் அதே அறையில், கட்டிலின் காலடியில் கிடந்தது. நம் மாவட்டத்தைச் சேர்ந்த வேங்கைவயல் வழக்கில் இறுதி அறிக்கை தாக்கல் செய்யப்பட்ட செய்தி அதில் இருந்தது. திரையில் சி.ஐ.டி., தாளில் சி.பி.சி.ஐ.டி. அவ்விரவு நம்மைப் பற்றிக்கொண்ட சிந்தனையை எழுதும்பொருட்டே, இறையியல் ஏட்டில் இடம்பெறத் தகுமோ என்று சிலர் ஐயுறக்கூடிய இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இத்தொடரின் வரலாற்றை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற பி. பி. சிங் என்பவரின் படைப்பாக, 1998 ஜனவரி 21 அன்று சோனி அலைவரிசையில் ‘சி.ஐ.டி.’ தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 1,547 பகுதிகளுடன் 2018 அக்டோபர் 27 அன்று நின்றது. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் 2024 டிசம்பர் 21 அன்று மீண்டும் தொடங்கியது. உதவி ஆணையர் பிரத்யுமனாகச் சிவாஜி சாட்டம், அபிஜீத்தாக ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா, தயாவாகத் தயானந்த் ஷெட்டி, தடயவியல் மருத்துவர் சாலுங்கேயாக நரேந்திர குப்தா ஆகியோர் பழைய இடங்களுக்கே திரும்பினர். நகைச்சுவைக்கென்று இருந்த பிரெட்ரிக்ஸ் மட்டும் வரவில்லை. அப்பாத்திரத்தை ஏற்றிருந்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பர் 5 அன்று காலமாகிவிட்டார். அவர் இல்லாத வெறுமை தொடரில் தெரிகிறது. சாவையே தொழிலாகக் கொண்ட கூட்டத்தில் அச்சமும் அசட்டுத்தனமும் உள்ள ஒரு மனிதனாவது இருந்தால்தான், மற்றவர்கள் மனிதராகத் தோன்றுவார்கள்.

தொடக்ககாலத்துப் பகுதிகளைக் கண்டவர்கள் அவற்றின் நிதானத்தை நினைவுகூர்வார்கள். அக்காலத்தில் ஒரு வழக்கு ஒரே வாரத்தில் முடிந்துவிடாது. பெரும்பாலும் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். இடையில் தவறான ஆள்மீது ஐயம் விழும், அவ்வையம் நீங்கும், துப்பறிவோர் வெட்கப்படுவார்கள். காத்திருக்கும் அந்த ஏழு நாளில் பார்வையாளனும் தன் முடிவைத் தானே ஐயுறக் கற்றுக்கொண்டான். 2004 நவம்பர் 7 அன்று ஒளிபரப்பான ஒரு பகுதி, 111 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் படம்பிடிக்கப்பட்டது. கின்னஸ் நூலிலும் இடம்பெற்றது. அதை வெறும் வித்தை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. வெட்டு இல்லாத படத்தில் எதையும் இடையிலே மறைத்துவிட முடியாது. எல்லாம் நம் கண்முன்னே நடந்தாக வேண்டும். துப்பறியும் கதைக்கு அதைவிட நேர்மையான வடிவம் வேறில்லை.

பிறகு சரிவு நேர்ந்தது. வாரம் ஒரு முறை வந்தது, இரண்டும் மூன்றும் முறையாயிற்று. பேயும் மாயமும் இயந்திர மனிதரும் வழக்குகளுக்குள் நுழைந்தனர். எல்லாவற்றினும் பெரிய கேடு ஆய்வகத்திற்கு நேர்ந்தது. சாலுங்கே சோதனைக் குழாயை விளக்கிற்கு நேரே தூக்கிக் காட்டினால் நஞ்சின் பெயர் வந்துவிடும். ஒரு முடியை வைத்தால் கணினித் திரையில் ஆளின் புகைப்படமே தோன்றிவிடும். ஆய்வகம் குறிசொல்லும் இடமாயிற்று. உடுக்கையும் வேப்பிலையும் இல்லாத குறை ஒன்றுதான். இளைஞர்கள் இவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கைபேசியில் பரப்பிச் சிரித்தார்கள். ஒரு தொடர் தன்னை அறியாமலேயே நகைப்புக்கு இடமாவது வருந்தத்தக்க முதுமை.

மீண்டு வந்தபோது அது தன் பழைய நிலையை எய்திற்றா? ஓரளவு எய்திற்று என்பதே நம் தீர்ப்பு. அதற்கு நாம் காணும் காரணம், ஐயம் வெளியிலிருந்து உள்ளே திரும்பியதுதான். இருபது ஆண்டுகள் பிரியாத நண்பர்களாகக் காட்டப்பட்ட அபிஜீத்தும் தயாவும் எதிரெதிரே துப்பாக்கியுடன் நிற்கும் நிலையில் புதிய வரிசை தொடங்கிற்று. அதிகாரியே ஐயத்திற்குரியவனாகிறான். அபிஜீத் தன் கடந்தகாலத்தின் ஒரு பகுதியை நினைவிழந்தவன் என்பது பழைய கதை; தனக்காகத் தானே சாட்சி சொல்ல முடியாத ஒருவன், பிறரது சாட்சியத்தை எடைபோடும் வேலையில் இருக்கிறான். இதனை நடிகர்களின் முதுமை ஆழப்படுத்துகிறது. சிவாஜி சாட்டத்தின் முகத்தில் இப்போது அவசரம் இல்லை. பிணத்தின் அருகில் அவர் நிற்கும்போது, புதிர் விடுவிக்க வந்தவராக அன்றி, துக்க வீட்டிற்கு வந்தவராகத் தோன்றுகிறார். அடக்க ஆராதனைகளை நடத்திப் பழகிய நம்மவர்கள் இவ்வேறுபாட்டை உடனே அறிவார்கள்.

எல்லாவற்றிலும் நம்மைக் கவர்வது பிரத்யுமனும் சாலுங்கேயும் ஆய்வகத்தில் நடத்தும் பழைய சச்சரவு. ஆணையர் விரைவில் விடை வேண்டுகிறார். மருத்துவர் பொறு என்கிறார். ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள். இது வெறும் வேடிக்கையன்று என்றே கருதுகிறோம். அதிகாரம் தான் விரும்பும் விடையை அறிவிடம் கேட்பதும், அறிவு உடனே தலையசைக்க மறுப்பதும் அங்கே நடக்கின்றன. 1996இல் பி.பி.சி. தொடங்கிய ‘சைலண்ட் விட்னஸ்’ என்னும் தொடரில் பிணக்கூறு மருத்துவரே கதையின் நடுவில் நிற்கிறார். இறந்தவர் சார்பில் காவல்துறையோடு வாதாடவும் செய்கிறார். நம் நாட்டுத் தொடரில் மருத்துவர் காவலருக்கு ஊழியர். ஆயினும் அந்தச் சச்சரவு நிகழும் சில நிமிடங்களில் மட்டும் அவர் ஊழியராக இருப்பதில்லை.

புதிய வரிசையின் பெருங்குறை 2025 ஏப்ரலில் வந்தது. பிரத்யுமன் குண்டுவெடிப்பில் மாண்டதாகக் காட்டினார்கள். அலைவரிசையே இரங்கற்குறிப்பு வெளியிட்டது. பார்த் சம்தான் புதிய ஆணையராக வந்தார். மக்கள் உண்மையாகவே வருந்தினர். பின்னர் பிரத்யுமன் உயிரோடு திரும்பிவிட்டார்! உயிர்த்தெழுதலைப் பறைசாற்றுவதையே ஊழியமாகக் கொண்ட நாமே அதனை இவ்வளவு மலிவாகக் கையாளத் துணிவதில்லை. சாவைப் பொய்யாக்கிய தொடர், அடுத்த வாரம் ஒரு பிணத்தைக் காட்டி நம்மை வருந்தச் சொன்னால் எப்படி வருந்துவது? பழைய வரிசையில் இதே பிரத்யுமன், குற்றவாளியாகிவிட்ட தன் மகன் நகுலைத் தன் கையாலேயே சுட நேர்ந்தது. மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அது புதிதன்று. ஆனால் அந்தச் சாவு சாவாகவே நின்றது. அதனால் அத்தகப்பனின் முகத்தில் அது பல ஆண்டுகள் தங்கிற்று.

இனி, பாட்டியம்மாவின் கேள்விக்கு வருவோம். இத்தொடரில் நீதிமன்றம் கிடையாது என்றே சொல்லிவிடலாம். இறுதி ஐந்து நிமிடத்தில் குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொள்ளாவிட்டால் தயாவின் கை பேசுகிறது. பின்னர் ஆணையரே தூக்குத் தண்டனையை அறிவித்துவிடுகிறார். புலனாய்வு, சாட்சியம், தீர்ப்பு மூன்றும் ஒரே அறையில் ஒரே ஆளிடம் முடிகின்றன. நம் சட்டமோ வேறு வழியில் செல்கிறது. காவல் அதிகாரியிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறிற்று. அதன் இடத்திற்கு 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் இதனைக் கைவிடவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியே தன் காவலரை அவ்வளவுதான் நம்பியது!

இவ்விதி ஏன் வந்தது என்பதைத் தமிழ்நாட்டில் நாம் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவலர் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்தனர். மத்தியப் புலனாய்வுத் துறை காவலர் ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நிலையத்தில் எடுக்கப்பட்ட இரத்தக் கறைகள் அங்கே சான்றாயின. அதாவது, தடயவியல் அங்கே காவல் நிலையத்திற்கு உள்ளேயே சென்று, சுவரையும் தடியையும் விசாரித்தது. தயாவின் அறை விழும்போது கைதட்டும் சபைப் பிள்ளைகளிடம் இதை நாம் சொல்லியிருக்கிறோமா? சொல்லவில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஓய்வுநாள் பள்ளியில் சினிமாவின் தீமை குறித்து எவ்வளவோ பேசினோம். இந்த அறையைக் குறித்துப் பேசவில்லை.

மேலைநாட்டிலும் இதே கவலை உண்டு. 2000இல் தொடங்கிய அமெரிக்கத் தடயவியல் தொடர் ஒன்று, நம் திருச்சபையின் சுருக்கப்பெயரையே தாங்கிச் ‘சி.எஸ்.ஐ.’ என்று வழங்கியது. (அதன் இறுதிப் பகுதி ஒளிபரப்பான நாள் 2015 செப்டம்பர் 27, தென்னிந்தியத் திருச்சபை உதயமான நாளும் செப்டம்பர் 27. பேராயர்கள் மன்னிப்பார்களாக.) அத்தொடரைப் பார்த்துப் பழகிய பொதுமக்கள், சான்றாயர்களாக அமரும்போது ஒவ்வொரு வழக்கிலும் ஆய்வகச் சான்றை எதிர்பார்க்கிறார்கள் என்று அந்நாட்டு வழக்கறிஞர்கள் முறையிட்டனர். சான்றாயர் முறை நம் நாட்டில் இல்லை. ஆயினும் தேநீர்க் கடை தோறும் தீர்ப்பு வழங்கப்படுகிறது.

ஆய்வகத்தை நாம் இழிவுபடுத்துவதாக எவரும் எண்ணவேண்டாம். இக்கலைக்குச் சென்னையே இந்தியாவின் தாய்வீடு. 1849இல் நஞ்சுகளைக் கண்டறியும் வேதியியல் ஆய்வாளர் துறை சென்னையில்தான் முதன்முதல் தோன்றியது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின், சிதறிய உடற்பகுதிகளையும் துணித் துணுக்குகளையும் கம்பித் துண்டுகளையும் ஒன்றுசேர்த்து, வெடிகுண்டை இடுப்புக் கச்சையில் கட்டிவந்தவள் ஒரு பெண் என்று எடுத்துக்காட்டியவர் தமிழ்நாட்டுத் தடயவியல் இயக்குநராயிருந்த பி. சந்திரசேகரன். துணுக்கோடு துணுக்கைப் பொருத்தும் பொறுமைக்கு அது சான்று. பொறுமை என்னும் அச்சொல்லைத்தான் திரைத்தொடர் வெட்டி எறிந்துவிடுகிறது. மெய்யான ஆய்வகத்தில் ஒரு பொட்டலத்தின் முத்திரை யாரால் இடப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று, எந்நாளில் திறக்கப்பட்டது என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சான்று விழுந்துவிடலாம். சாலுங்கேயின் மேசையில் நாம் ஒரு பதிவேட்டைக்கூடக் கண்டதில்லை.

நம் இலக்கியத்தில் மிகப் புகழ்பெற்ற தடயச் சோதனை சிலப்பதிகாரத்தில் உள்ளது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எளிதான சோதனை! ஆனால் அது கோவலன் வெட்டுண்டபின் நடக்கிறது. சான்று இருந்தது, கேட்பாரில்லை. பொற்கொல்லனின் சொல்லும் மன்னனின் அவசரமும் போதுமாயிருந்தன. இளங்கோவடிகள் அறிந்த இதனை நம் தொடர் அறியவில்லை. சோதனை உண்மையைச் சொல்லும் ஆற்றல் உடையதாயினும், அதை எப்போது, எவர்மீது நடத்துவது என்பதை அதிகாரமே முடிவு செய்கிறது.

இனி வேங்கைவயல். 2022 டிசம்பரில், பட்டியலினத்து மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்றதால் அது வெளிப்பட்டது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. பலரிடமிருந்து மரபணுச் சோதனைக்காக இரத்தம் எடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்தவர்களிடமும் கேட்டபோது, அவர்களில் சிலர் மறுத்தனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2025 ஜனவரியில் தாக்கலான இறுதி அறிக்கை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்மீதே குற்றம் சாட்டிற்று. அறிவியல் சான்றுகளின் அடிப்படையில் வந்த முடிவு என்று அரசுத் தரப்பு கூறிற்று. அம்மக்களும் பல கட்சிகளும் அதனை ஏற்க மறுத்து, மத்தியப் புலனாய்வைக் கோரினர். எது மெய் என்று நாம் இங்கே தீர்ப்பளிக்கவில்லை, அது நீதிமன்றத்திற்குரியது. நாம் கவனிப்பது வேறொன்று. அந்தச் சனிக்கிழமை இரவு, பேரன் செய்தித்தாளை மடித்துக்கொண்டே, “அதான் டெஸ்ட்ல வந்திருச்சே” என்றான். பாட்டியம்மா, “யாரு டெஸ்ட்டு?” என்றார். தொடரைப் பார்த்து வளர்ந்தவன் பேரன். ஊரைப் பார்த்து வளர்ந்தவர் பாட்டி.

குற்றம் சாட்டப்பட்டவர் யாராயினும், அத்தொட்டி ஒரு குறிப்பிட்ட மக்களுக்கென்று தனியாக ஏன் நின்றது என்னும் கேள்வியை எந்த நுண்நோக்கியும் கேட்பதில்லை. இரத்தத் துளி தனி ஆளைக் காட்டும், ஊரைக் காட்டாது. தடயவியல் தொடர்கள் எல்லாவற்றிலும் உள்ள குறை இதுவென்று தோன்றுகிறது. குற்றத்தை அவை ஒரு தனி மனிதனுக்குள் அடைத்துவிடுகின்றன. அவன் பிடிபட்டதும் மற்றவர்கள் நிம்மதியாக உறங்கச் செல்கிறோம்.

உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை இவ்விடத்தில் நம் மாணவர்கள் மீண்டும் படிப்பது நலம். வயல்வெளியில் ஒரு சடலம் கிடக்கிறது. கொன்றவன் இன்னான் என்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுச் சடலத்திலிருந்து சுற்றியுள்ள பட்டணங்களுக்கு உள்ள தூரத்தை அளக்கிறார்கள். அருகிலுள்ள பட்டணத்து மூப்பர் பொறுப்பேற்க வேண்டும். நுகம் பூட்டாத கிடாரியைக் கொண்டு நீரோடும் பள்ளத்தாக்கிற்குச் சென்று, கை கழுவி, தாங்கள் இரத்தம் சிந்தவில்லை என்று அறிக்கையிட வேண்டும். விளக்கவுரையாளர் பலர் இச்சடங்கின் தோற்றத்தை ஆராய்கிறார்கள். நம்மை ஈர்ப்பது அந்த அளவு நூல்தான். கொலைகாரன் அகப்படாததால் வழக்கு முடிந்துவிடுவதில்லை. இறந்தவனுக்கும் ஊருக்கும் இடையே எத்தனை முழம் என்று எவரேனும் அளந்தாக வேண்டும். கைரேகை கிடைக்காத இடத்திலும் நாம் எவ்வளவு அருகில் இருந்தோம் என்பது கேட்கப்படுகிறது.

‘சி.ஐ.டி.’யின் ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கு மேற்பட்ட வழக்குகள், நாம் அறிந்தவரையில், விடை கண்டே முடிகின்றன. தொலைக்காட்சிக்கு அது தேவை என்பார்கள். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். ஆயினும் மீண்டு வந்த இத்தொடரில், தன் நண்பனையே ஐயுற்று நிற்கும் அபிஜீத்தின் முகத்தைக் கண்டபோது, அத்தகைய பகுதி ஒன்றைத் தாங்கும் வலிமை இந்நடிகர்களுக்கு உண்டு என்று உணர்ந்தோம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்குச் செல்ல வேண்டும் என்கிறது. ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு கால இடம் தந்துள்ளது. இனி நம் சிற்றூர்களுக்கும் வெள்ளைக் கையுறைகள் வரும். வருபவர்களை மக்கள் சாலுங்கேயாகவே எண்ணிக்கொள்வார்கள். ஆகையால் அவரே ஒருநாள் குழாயைக் கீழே வைத்துவிட்டு, இதிலிருந்து ஒன்றும் சொல்ல இயலாது என்று சொல்லிப் பழக்கட்டும். பிரத்யுமன் வெறுங்கையோடு அந்த வீட்டு வாசலுக்குச் சென்று, தாயின் முன்னே நிற்கட்டும். தயா உடைப்பதற்குக் கதவு எதுவும் இல்லாதிருக்கட்டும்.

அப்படி ஒரு வாரம் வருமானால், பிரசங்கத் தயாரிப்பைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கடைசிப் பேருந்தை வேண்டுமென்றே தவறவிடவும் நாம் ஆயத்தமாயிருக்கிறோம். பாட்டியம்மா பக்கத்தில் ஓர் இடம் போதும்.